எண்ணெய்க் கிணறா, சோலார் பேனலா? டெல்டாவில் எது எதற்கு மாற்று

காவிரி டெல்டாவில் இரண்டு பேர் எரிசக்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். "காலடியில் எண்ணெயை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரனுக்குக் காசு கொட்டிக் கொடுக்கிறோம்" என்பார் ஒருவர். "வெயில் சும்மா அடிக்கிறது, அதை விட்டுவிட்டு எதற்கு வயலில் துளை போட வேண்டும்?" என்பார் மற்றவர். நடுவில் யாராவது மீத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் அங்கே விளக்கத்துக்கு இடமிருக்காது.

இதில் சிக்கல் என்னவென்றால், எண்ணெயும் சோலாரும் நேருக்கு நேர் போட்டி போடும் பொருட்களே அல்ல. ஒன்று செய்யும் வேலையை மற்றது அப்படியே எடுத்துச் செய்துவிடாது. நடுவில் ஒரு படி இருக்கிறது. பேச்சில் அந்தப் படி காணாமல் போய்விடுகிறது. அது என்னவென்று பார்ப்பதற்கு முன்னால், கிணறு என்றால் என்ன, அதிலிருந்து என்னதான் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அடியில் ஏரி எதுவும் இல்லை

குத்தாலம், மயிலாடுதுறைப் பக்கம் ஃபில்டர் பாயிண்ட் போட்டவர்களுக்கு நிலத்தடி எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். கொஞ்சம் களி, அப்புறம் மணல், மறுபடி களி, மறுபடி மணல். மணல் அடுக்கு வரை குழாயை இறக்கி அடியில் சல்லடை வைத்தால் தண்ணீர் ஏறும். கீழே குளம் ஒன்றும் இல்லை. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில்தான் தண்ணீர் நிற்கிறது. களிமண் அதைக் கசியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

எண்ணெயும் வாயுவும் இருப்பது அதே மாதிரிதான். மணல் மட்டும் இறுகிக் கல்லாகியிருக்கும். அந்தக் கல்லின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும். இதைத் தேக்கப்பாறை என்பார்கள். அதன் மேல் எதையும் ஊடுருவ விடாத இறுக்கமான பாறை படிந்திருக்கும். அது மூடுபாறை. ஃபில்டர் பாயிண்ட் சில பத்தடியிலேயே தண்ணீரைத் தொட்டுவிடும். எண்ணெய்க்கு ஆழத்தைக் கிலோமீட்டரில் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணெய் எப்படி வந்தது? இந்தியா அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது பிளந்து பிரிந்தபோது, இன்றைய காவிரிப் படுகை இருக்கும் இடத்தில் நிலம் இறங்கிப் பள்ளமானது. கடல் உள்ளே வந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் இன்றைக்கும் வறண்ட ஓடைகளில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பது அதனால்தான். கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் செத்துப் படிந்தன. மேலே மேலே வண்டல் ஏறியது. ஆழத்தின் சூட்டில் அந்தக் கழிவு எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியது. இப்படி எண்ணெய் உருவான பாறை மூலப்பாறை. அங்கிருந்து கசிந்து மேலே ஏறி, தேக்கப்பாறையில் புகுந்து, மூடுபாறையில் முட்டி நின்றதைத்தான் நாம் தோண்டி எடுக்கிறோம்.

ஆக, மூலப்பாறையில் உருவாகிறது, தேக்கப்பாறையில் தங்குகிறது, மூடுபாறையால் தப்பிக்காமல் நிற்கிறது. இந்த மூன்று பெயரும் நினைவிருந்தால் மேற்கொண்டு வரும் எல்லாம் எளிது.

கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை

எண்ணெய்க்குப் போகும் துளை நாம் குடிக்கும், பாய்ச்சும் தண்ணீர் அடுக்குகளைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். அதனால் துளைக்குள் இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் சிமென்ட்டை அழுத்தி நிரப்புகிறார்கள். இதற்கு உறைக்குழாய் என்று பெயர். அந்தச் சிமென்ட் நன்றாக இருக்கும் வரை மேலே உள்ள தண்ணீரும் கீழே உள்ளதும் கலக்காது. விரிசல் விட்டாலோ, பல ஆண்டுகளில் இரும்பு அரித்தாலோ கலக்க வழி உண்டு. "ஆழ்துளை போட்டால் தண்ணீர் கெட்டுவிடுமா?" என்ற கேள்விக்கான நேர்மையான பதில், அது இந்த உறையின் தரத்தையும் வயதையும் பொறுத்தது என்பதுதான்.

மேலே வருவது மூன்று பொருள்: எண்ணெய், வாயு, உப்புத் தண்ணீர். வாயுவைக் குழாயில் அனுப்ப வசதியில்லாத இடத்தில் கம்பத்தின் உச்சியில் எரித்துவிடுவார்கள். கிணறு உள்ள ஊர்களில் ராத்திரியில் தெரியும் தீ அதுதான். உப்புத் தண்ணீரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டியது அதுதான் என்பேன். கிணறு பழசாகப் பழசாக எண்ணெய் குறைந்து இந்தத் தண்ணீர் கூடும். இதைச் சுத்தம் செய்து மறுபடி ஆழத்துக்கே செலுத்த வேண்டும். வாய்க்காலில் விட்டால் வயல் தாங்காது.

அப்புறம் குழாய்கள். கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கு எண்ணெயும் வாயுவும் வயல்களுக்கு அடியில் பதித்த குழாய்களில் போகின்றன. 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில், மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாயில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் வயலில் பரவியது. அதைத் தொடர்ந்து நடந்த போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. ஆந்திராவில் கோதாவரி டெல்டாவின் நகரம் என்ற ஊரில் 2014 ஜூனில் வாயுக்குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துளை போடுவது சில வாரம், சில மாத வேலை. குழாய் பல பத்தாண்டுகள் கிடக்கும். எனக்குப் பயம் வருவது துளைக் கோபுரத்தைப் பார்த்து அல்ல, இந்தப் பழைய குழாய்களை நினைத்துத்தான்.

மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல்: எல்லாம் ஒன்றா?

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள் எதுவானாலும் அது ஹைட்ரோகார்பன். பெட்ரோல், டீசல், வீட்டு சிலிண்டரில் உள்ள வாயு எல்லாம் அந்தக் குடும்பம். அதில் மிகச் சிறியது மீத்தேன். நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். ஆகவே "இது மீத்தேன் திட்டம் இல்லை, ஹைட்ரோகார்பன் திட்டம்" என்று யாராவது சமாதானம் சொன்னால் அது எதையும் விளக்கவில்லை. கேட்க வேண்டியது என்ன எடுக்கிறார்கள் என்பதை அல்ல. எந்தப் பாறையிலிருந்து, எந்த முறையில் எடுக்கிறார்கள் என்பதை.

முதலாவது வழக்கமான முறை. மேலே சொன்னபடி தேக்கப்பாறை வரை துளைத்து, தானாக வருவதை எடுப்பது. காவிரிப் படுகையில் 1960களில் துளையிடத் தொடங்கியதிலிருந்து நடப்பது இதுதான். நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம், புவனகிரி என்று பல ஊர்களின் பெயர் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளோடு சேர்த்தே சொல்லப்படும்.

இரண்டாவது நிலக்கரிப் படுகை மீத்தேன். இங்கே வாயு கல்லின் துளையில் இல்லை. நிலக்கரியின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம்தான் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. வாயு வேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் இறைத்து வெளியேற்ற வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் நிலத்தடி நீரை நம்பியே நாற்று விடும் ஒரு பகுதியில், தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதே வேலையாக இருக்கும் திட்டம் எப்படி எதிர்கொள்ளப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடிப் பகுதியின் பழுப்பு நிலக்கரியைக் குறிவைத்து 2010இல் ஒப்பந்தமான திட்டம் இந்த வகை. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் தன் கடைசி நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பேசியது இதை எதிர்த்துத்தான். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் இறந்தார். 2015இல் தமிழக அரசு இந்தத் திட்டத்துக்குத் தடை விதித்தது.

மூன்றாவது ஷேல். தேக்கப்பாறைக்கு ஏறி வராமல் மூலப்பாறையிலேயே சிக்கிக்கொண்ட வாயுவை எடுப்பது. அந்தப் பாறை இறுக்கமானது, தானாக எதையும் விடாது. தண்ணீரோடு மணலும் வேதிப்பொருளும் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விடச் செய்ய வேண்டும். இதற்கு நீரியல் விரிசல் முறை என்று பெயர். தண்ணீர்ச் செலவு அதிகம்.

மக்கள் போராட்டத்தால் பேசப்பட்ட நெடுவாசல் இந்த மூன்றில் எதில் வரும்? 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை நாடு முழுக்க 31 இடங்களுக்கு ஒப்புதல் தந்தது. அதில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. ஏற்கெனவே கண்டுபிடித்து, லாபம் போதாது என்று விட்டுவைத்த சிறு எண்ணெய் வயல்களை ஏலத்தில் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் திட்டம் அது. இதைக் காட்டித் திட்டத்தை ஆதரித்தவர்கள் "வழக்கமான முறைதான், மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்" என்றார்கள். ஆனால் அந்தக் காலத்தில் வந்த புதிய உரிமக் கொள்கை, ஒரே உரிமத்தில் வழக்கமான எண்ணெய், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாவற்றையும் எடுக்க அனுமதிக்கிறது. அப்படியானால் மக்கள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? காகிதத்திலேயே மூன்றும் ஒன்றாகத்தானே இருந்தன.

சுருக்கமாக: வழக்கமான முறையில் கவலை குழாயும் கழிவு நீரும். நிலக்கரி மீத்தேனில் கவலை இறைக்கப்படும் தண்ணீர். ஷேலில் கவலை செலுத்தப்படும் தண்ணீர்.

எடுக்காமல் கிடப்பது எவ்வளவு?

"டெல்டாவுக்கு அடியில் எண்ணெய்க் கடல் இருக்கிறது" என்று சொல்பவர்கள் இரண்டு கணக்கைக் கலந்துவிடுகிறார்கள். பாறையில் மொத்தம் இருப்பது ஒரு கணக்கு. அதில் இன்றைய விலைக்கும் இன்றைய கருவிக்கும் எடுத்தால் கட்டுப்படியாவது இன்னொரு கணக்கு. இதற்கு எடுக்கத்தக்க இருப்பு என்று பெயர். உலக அளவில் ஒரு எண்ணெய் வயலிலிருந்து சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத்தான் மேலே கொண்டுவர முடிகிறது. மீதி கல்லோடு ஒட்டி அங்கேயே இருந்துவிடும்.

காவிரிப் படுகையில் கிடைக்கும் கச்சா எண்ணெய் ஆண்டுக்குச் சில லட்சம் டன். இந்தியா ஆண்டுக்குப் பயன்படுத்தும் பெட்ரோலியப் பொருட்கள் 20 கோடி டன்னுக்கும் மேல். நாட்டுக்குத் தேவையான கச்சாவில் 85 விழுக்காட்டுக்கும் அதிகமாக இறக்குமதி ஆகிறது. டெல்டாவில் இன்னும் பல கிணறு போட்டு உற்பத்தியை இரட்டிப்பாக்கினாலும் அந்த 85இல் ஒரு புள்ளிகூட நகராது. வாயு விஷயத்தில் படுகையின் பங்கு இதைவிட மேல். இங்கே எண்ணெயைவிட வாயுதான் அதிகம் வருகிறது.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனங்குடியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1993இல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனோடு நரிமணம் எண்ணெயை நம்பித் தொடங்கியது, பிறகு 10 லட்சமானது. இப்போது அங்கே திட்டமிட்டிருப்பது 90 லட்சம் டன். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சில லட்சம் டன் கிடைக்கும் படுகையில் 90 லட்சம் டன் ஆலை எதற்கு என்று யோசித்தாலே புரியும், அந்த ஆலைக்கான எண்ணெய் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆலை வருவதால் டெல்டாவில் எண்ணெய் அதிகம் இருப்பதாக ஆகிவிடாது.

சட்டம் எதைத் தடுக்கிறது

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுதும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் வந்தன. (மயிலாடுதுறை அப்போது நாகையோடு இருந்தது.) எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் புதிதாகத் துளை போட அங்கே அனுமதி கிடையாது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளுக்கு இது பொருந்தாது. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் அப்போது சேர்க்கப்படவில்லை. "டெல்டாவில் எண்ணெய் எடுப்பதையே தடை செய்துவிட்டார்கள்" என்று பலர் நினைப்பது சரியல்ல.

விட்டுப்போன அந்தப் படி

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

சூரியனும் காற்றும் தருவது மின்சாரம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எண்ணெயிலிருந்து வருவது ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். அப்படியானால் எண்ணெய் எங்கே போகிறது? பஸ், லாரி, டிராக்டர், அறுப்பு மிஷின், விமானம், பிளாஸ்டிக், தார். ஆகவே தஞ்சாவூரில் எத்தனை ஆயிரம் பேனல் போட்டாலும், அது நேரடியாக ஒரு லிட்டர் டீசலைக்கூட மிச்சப்படுத்தாது. அது மிச்சப்படுத்துவது எங்கோ எரியும் நிலக்கரியை.

எண்ணெய் மிச்சமாக வேண்டுமென்றால் முதலில் எண்ணெயில் ஓடும் எந்திரம் மின்சாரத்துக்கு மாற வேண்டும். பேச்சில் விட்டுப்போகும் படி இதுதான். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் ரயில் தடம் மின்மயமானபோது அங்கே டீசல் எஞ்சினுக்கு வேலை குறைந்தது. அந்த மின்சாரம் வெயிலிலிருந்து வந்தால், அப்போது சோலார் எண்ணெய்க்கு மாற்று. கடைமடையில் டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவர் சோலார் பம்புக்கு மாறினால் அங்கேயும் கணக்கு நேரடியானது. அறுப்பு மிஷினுக்கு அப்படி ஒரு மாற்று இன்னும் வயலுக்கு வந்து சேரவில்லை. குறுவை அறுவடை டீசலை நம்பித்தான் நடக்கிறது, இன்னும் பல ஆண்டுகள் நடக்கும்.

வாயுவின் கதை வேறு. டெல்டாவின் வாயுவில் ஒரு பகுதி இங்கேயே மின்சாரமாகிறது. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் தலா நூறு மெகாவாட்டை ஒட்டிய எரிவாயு மின் நிலையங்கள் உண்டு. காரைக்காலில் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்று. மெகாவாட் என்பது மின் நிலையத்தின் திறனை அளக்கும் அளவு. ஒரு மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 1,000 யூனிட். இந்த நிலையங்களோடு சோலார் நேரடியாகப் போட்டி போடலாம்.

பழுப்பு நிலக்கரியோடும் அப்படித்தான். 2023 மார்ச் இறுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே நீக்கப்பட்டன. நெய்வேலிக்கு அருகில் இருப்பவர்களுக்குத் தெரியும், பழுப்பு நிலக்கரி என்றால் துளை அல்ல, திறந்த சுரங்கம். மேல் மண் மொத்தமும் போய்விடும். "இதற்குப் பதில் சோலார்" என்ற வாதம் டெல்டாவில் மிகச் சரியாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான். விந்தை என்னவென்றால் அந்த வாதம் எண்ணெய்க் கிணற்றுக்கு எதிராகத்தான் அதிகம் சொல்லப்படுகிறது.

ஆக, சோலார் நேராக மாற்றுவது நிலக்கரியையும், ஓரளவு வாயுவையும். எண்ணெயை மாற்ற வண்டியும் எந்திரமும் மாற வேண்டும்.

டெல்டாவின் வெயிலும் காற்றும்

காற்றாலை ஏன் இங்கே இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கிறது. காற்றாலைகள் அந்த வாசல்களின் எதிரில் நிற்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியதற்குக் காரணம் அந்தக் கணவாய்கள். டெல்டா அந்தப் பாதையில் இல்லை.

வெயில் இருக்கிறது. ஆனால் சோலாருக்கு நிலம் வேண்டும்: ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர். அந்த ஒரு மெகாவாட் நாளொன்றுக்கு 4,000 முதல் 5,000 யூனிட் தரும், ஏனென்றால் வெயில் முழுவீச்சில் அடிப்பது சில மணி நேரம்தான். கோவில்களப்பால் நிலையம் இருபத்துநான்கு மணி நேரமும் முழுதாக ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 லட்சம் யூனிட். அதை வெயிலிலிருந்து எடுக்க 500 மெகாவாட்டுக்கு மேல் பேனல், அதாவது 2,000 ஏக்கருக்கும் மேல் நிலம். ராமநாதபுரத்தின் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா அமைக்க முடிந்தது, அங்கே வானம் பார்த்த பூமி இருந்ததால். இரண்டு போகம் விளையும் நன்செயில் அப்படிச் செய்வது என்னைப் பொறுத்தவரை கிணறு போடுவதைவிடப் பெரிய இழப்பு. கிணறு சில ஏக்கரோடு நிற்கும்.

இன்னொரு தொந்தரவு பொழுது. வீடுகளில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம் பொழுது சாய்ந்த பின். பேனல் அப்போது தூங்கிவிடும். பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்க பேட்டரி ஒரு வழி. இன்னொன்று நீரேற்று மின் நிலையம்: மிச்ச மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது திறந்து விசைச்சக்கரத்தைச் சுற்றுவது. ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு இது பல ஆண்டுகளாக நடக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. மலை இல்லாத டெல்டாவில் இது முடியாது. அதனால் டெல்டாவின் இரவுக்கான மின்சாரம் வெளியிலிருந்துதான் வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேட்டூர்த் தண்ணீரே அணையில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் நம் ஆற்றுக்கு வருகிறது.

வயலைத் தொடாமல் டெல்டாவில் வெயிலைப் பிடிக்க இடம் இல்லாமலும் இல்லை. கூரைகள் முதலில். 2024இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் 3 கிலோவாட் கூரை பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் போல எதிர்பார்க்கலாம். அப்புறம் அரிசி ஆலைகள், நெல் சேமிப்புக் கிடங்குகள், பள்ளிகள், பஸ் நிலையங்கள்.

இதோடு நான் சேர்க்க விரும்பும் ஒரு இடம், வற்றிப்போன கிணறுகளின் தளம். எண்ணெய் தீர்ந்த கிணற்றைச் சிமென்ட் போட்டு அடைத்துவிடுவார்கள். ஆனால் கனரக வண்டிகள் நிற்பதற்காகக் கிராவல் கொட்டி இறுக்கிய அந்த சில ஏக்கரில் மறுபடி நடவு செய்வது பெரும்பாடு. பாதை இருக்கிறது, வேலி இருக்கிறது. மூடிய கிணற்றுக்கு விட வேண்டிய இடைவெளியை விட்டு மீதித் தளத்தில் பேனல் போட்டால், ஊரில் புதிதாக ஒரு சென்ட் நன்செயும் போகாது. நிலத்தை உரியவருக்குத் திருப்பிக் கொடுப்பதா, குத்தகைக்கு எடுத்துப் பேனல் போடுவதா என்பதை அந்த நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். அடைத்த கிணறுகளின் பட்டியலை ஊராட்சிக்கு ஊராட்சி வெளியிட்டால், அந்தப் பேச்சைக் கிராம சபையிலேயே ஆரம்பிக்கலாம்.